வேறு ஐசியூவில் முதல் ஷிஃப்டா? சிரிஞ்ச் லேபிளைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மெடிக்கல் ஐசியூவிலிருந்து கார்டியாக் ஐசியூவுக்குப் பயிற்சிக்குப் போகும் செவிலியர்கள், சிரிஞ்ச் பம்பில் (சிரிஞ்சிலுள்ள மருந்தைச் சீராகச் செலுத்தும் கருவி) தெரியும் மி.லி. எண்ணை மட்டும் நம்பவே கூடாது. மருந்து கலக்கும் அளவு யூனிட்டுக்கு யூனிட் மாறும். 50 மி.லி.யில் 4 மி.கி. நார்அட்ரினலின் (பி.பி.யை உயர்த்தும் மருந்து) என்றால், 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் போக, மணிக்கு 4.5 மி.லி. ஓட வேண்டும். அங்கே 8 மி.கி. கலந்திருந்தால் அதே 4.5 இரட்டை டோஸ், பி.பி. எகிறிவிடும். கணக்கை அந்த யூனிட் சிஸ்டரிடம் சொல்லிச் சரிபார்த்த பிறகே பம்பைத் தொடுங்கள்.

ஆர்ட்டீரியல் லைன் (பி.பி.யைத் தொடர்ந்து அளக்கத் தமனிக்குள் போடும் குழாய்) இருந்தால், அதன் டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை உணரும் கருவி) நான்காம் விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் மட்டத்தில், அதாவது இதய மட்டத்தில் இருக்கட்டும். 10 செ.மீ. கீழே இறங்கினால் பி.பி. சுமார் 7.5 mmHg கூடுதலாகக் காட்டும். கட்டிலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பாருங்கள்.