இசிப்பிங்கோ பாறையில் சூடோகோடியம் தேடுவது எப்படி

அமாவாசை விரதம் இருக்கும் வீடென்றால் பாதி வேலை முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன், இசிப்பிங்கோ பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக உள்வாங்கும், அதுவும் காலை பத்து மணி வாக்கில். ஒன்பதுக்கே பாறைக்குப் போய்விடுங்கள். ரப்பர் செருப்பு வழுக்கும், பழைய டேக்கி (கான்வாஸ் ஷூ) போதும். தனியாகப் போகாதீர்கள், அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

சூடோகோடியம் அபூர்வமான பச்சைப் பாசி. அந்த இனத்தையே 1896-ல் உலகுக்குச் சொன்னவர் அன்னா வெபர்-வான் போஸ் என்ற டச்சு அம்மையார். அவர் விவரித்த அந்தப் பாசி கிடைத்தது நம்ம இசிப்பிங்கோவில்! மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிற பிள்ளைகளிடம் இதை நான் சொல்லாமல் விட்டதே இல்லை. 2008-ல் இதே குவாசூலு-நட்டால் மாகாணத்திலிருந்து நட்டாலென்ஸ் என்று இன்னொரு வகையும் சேர்ந்தது.

சிக்கல் அடையாளம் காண்பதில். கோடியம் என்ற பாசியும் இதே கரும்பச்சையில், இப்படியே இரண்டிரண்டாகக் கிளை பிரிந்து நிற்கும். நான் இரண்டு வருடம் கோடியத்துக்குச் சூடோகோடியம் என்று பெயர் எழுதி வைத்திருந்தேன். முதலில் விரலால் அழுத்துங்கள். கோடியம் ஊறிய பஞ்சு மாதிரி அமுங்கும். சூடோகோடியம் வழவழவென்று, விறைப்பாக இருக்கும். அப்புறம் பிளேடால் மெல்லிய வில்லை சீவி, ஒரு சொட்டுக் கடல்நீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். இரண்டிலும் வெளிச்சுற்றில் இழைகளின் நுனி வீங்கி, குட்டிக் குடுவைகள் போல நெருக்கமாக நிற்கும். மேல்கண்ணாடியை லேசாக அழுத்தினால் கோடியத்தின் குடுவைகள் பிரிந்து விலகும். சூடோகோடியத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும், மேலிருந்து பார்த்தால் தேன்கூடு. உள்ளே இழைகளுக்கு நடுவில் தடுப்புச்சுவரே கிடையாது. ஒரு செடி முழுக்க ஒரே செல் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

பாறையில் ஒட்டி நிற்பதைப் பிடுங்காதீர்கள், படம் எடுத்தால் போதும். கரை ஒதுங்கிய துண்டு கிடைத்தால், எடுக்க அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தட்டில் கடல்நீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளை நுழைத்துத் தூக்குங்கள். மேலே மஸ்லின் துணி, அதற்கு மேல் செய்தித்தாள், பாரத்துக்கு அம்மிக்கல். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், சதைப்பற்றுள்ள பாசி சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

தாளின் மூலையில் தேதி, எந்தப் பாறை, கடல் எவ்வளவு வற்றியிருந்தது என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரை நான் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதுவேன்: இசிப்பிங்கோ.