டி.ஐ.டி. சிகிச்சை: இலக்கு வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

டி.ஐ.டி. எனப்படும் விலகல் அடையாளக் கோளாறு (ஒருவருக்குள்ளேயே பல ஆளுமைகள் மாறிமாறி முன்வரும் மனநலக் கோளாறு) உள்ளவர்கள் தெரபிஸ்டோடு இலக்கு வைக்கும்போது பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அன்றைக்கு முன்னால் இருக்கும் ஆளுமை தலையாட்டிவிடும். மற்ற ஆளுமைகளை யாரும் கேட்பதில்லை. 'இனி என்னைக் காயப்படுத்திக்கொள்ள மாட்டேன்' என்று உள்ளே இருக்கும் ஓர் ஆளுமையாக ஒருவர் ஒப்புக்கொள்வார். தாங்க முடியாத உணர்ச்சியை அந்தக் காயத்தால்தான் இன்னொருவர் அடக்கி வந்திருப்பார். அவருக்கு இப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது, தெரிந்தாலும் சம்மதமிருக்காது. இலக்கு உடைந்ததும் 'ஒத்துழைக்கவில்லை' என்ற பழி மட்டும் மிஞ்சும்.

எனவே 'உள்ளே யாருக்காவது இதில் ஆட்சேபணை உண்டா?' என்று தெரபிஸ்ட் கேட்டு, ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பதில் பேச்சாகவே வரும் என்றில்லை. திடீர்த் தலைவலி, பயம், மனம் வெறுமையாவதுகூடப் பதிலாக இருக்கலாம். எதிர்ப்பவரிடம் 'ஏன் வேண்டாம்?' என்று மல்லுக்கு நிற்காமல், 'இது நடந்தால் என்ன ஆகுமென்று பயம்?' என்று கேளுங்கள். பழைய வழியை விடச் சொன்னால், அது செய்துவந்த வேலைக்கு மாற்று வழியும் இலக்கிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது அவசரம். சர்வதேச அதிர்ச்சி, விலகல் ஆய்வுச் சங்கத்தின் 2011 வழிகாட்டி சிகிச்சையை 3 கட்டங்களாகப் பிரிக்கிறது: முதலில் பாதுகாப்பும் நிலைப்படுத்தலும், பிறகே அதிர்ச்சி நினைவுகள், அதற்குப் பின் ஒருங்கிணைப்பு. தூக்கமும் சாப்பாடும் சீராகாத நிலையில் நினைவுகளைத் தோண்டினால், அன்றாடமே குலைந்துபோகும்.

'எல்லோரையும் ஒன்றாக்குவோம்' என்பதை முதல் நாளே எழுதுவதும் வேண்டாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது 'உங்களை அழிக்கப்போகிறோம்' என்றே கேட்கும். முழு இணைவை எல்லோரும் எட்டுவதில்லை, விரும்புவதுமில்லை. ஒத்துழைத்து வாழ்வதையும் அதே வழிகாட்டி ஏற்கிறது.

'ஆளுமை மாறவே கூடாது' என்ற இலக்கு, மாறுவதை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். 'மாறியபின் 5 நிமிடத்தில் தேதியையும் இடத்தையும் சரிபார்ப்பது' என்று வைத்தால் அளக்கவும் முடியும், யாருக்கும் அவமானமும் இல்லை.

நினைவு இடைவெளி இருப்பதால் வாய்ப்பேச்சு போதாது. ஒரே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிக்கக் கூடாது, பக்கத்தில் மறுப்பு எழுதலாம். அதிர்ச்சிக்குக் காரணமான கொடுமையைச் செய்தவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால் நோட்டு தெரபிஸ்டிடமே இருக்கட்டும். மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, நடக்காத இலக்கைச் சிறிதாக்குங்கள்.

நெருக்கடிக்கான எண்ணை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.