ஒலிம்பஸ் ஏறப் போகிறீர்களா?

கிரேக்கத்தின் ஒலிம்பஸ் மலைக்குப் போனால் நேராக உச்சிக்கு ஓடாதீர்கள். அடிவாரத்து லிட்டோகோரோ ஊரிலிருந்து எனிபியாஸ் பள்ளத்தாக்கு வழியாக நடங்கள். ஜூன் தொடக்கம் என்றால் நிழல் விழும் பாறை இடுக்குகளில் யாங்கியா பூத்திருக்கும். வெளிர் ஊதாப் பூ, வெள்ளை ரோமம் போர்த்திய இலை. பனியுகத்தையே தாண்டி வந்த செடி. இந்த மலையில்தான் இயற்கையாக வளர்கிறது. பறிக்க வேண்டாம், இது 1938 முதல் தேசியப் பூங்கா. மலையாடு போன்ற ஷாமுவாவைப் பார்க்க விடியற்காலைதான் சரி.

அப்புறம், கோடையில் மதியத்துக்குமேல் உச்சியில் மேகம் சூழ்ந்து இடி இடிப்பது வழக்கம். இந்த மலையில் வாழ்வதாகப் பண்டைய கிரேக்கர்கள் நம்பிய தலைமைக் கடவுள் ஜீயஸை ‘மேகம் திரட்டுபவன்’ என்று சும்மாவா அழைத்தார்கள்? 2,918 மீட்டர் மிட்டிகாஸ் சிகரத்தை மதியத்துக்குள் முடித்து இறங்கிவிடுங்கள்.