கதவில் எண் எழுதப்படும் நாள்: சென்னையில் வெளியேற்றத்தை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கூவம் கரையிலோ அடையாற்றின் கரையிலோ பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலோ இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு, வீடு போகப்போகிறது என்ற சேதி பல நேரங்களில் நோட்டீஸாக வருவதில்லை. ஒரு நாள் காலையில், ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் போன பிறகு, பதிவேட்டுடன் சிலர் வந்து ஒவ்வொரு கதவிலும் பெயின்டால் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்கள். எதற்கு என்று கேட்டால், "சும்மா கணக்கெடுப்புதான்" என்று சொல்வார்கள். அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இயந்திரம் வந்து சுவரில் கைவைக்கும் நாளில் ஒரு குடும்பத்தால் செய்ய முடிவது மிகக் குறைவு. எண் எழுதப்பட்ட நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் செய்ய முடிவது நிறைய. அந்த இடைப்பட்ட காலத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் நிலத்தின் விலை ஏற ஏற, அதில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் தெற்கு நோக்கித் தள்ளப்பட்டார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரின் மையத்திலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளைச் சீரமைக்கும் பணி வேகமெடுத்தபோது வெளியேற்றமும் வேகமெடுத்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்பதை அங்கே வாழ்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மனு எழுதும்போது இந்த உண்மையை மறக்காமல் எழுதுங்கள்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

உங்கள் வீடு இருக்கும் இடம் எந்தத் துறையின் நிலம், எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தச் சட்டத்தில் உங்களை வெளியேற்றலாம் என்பது அமைகிறது. அரசுப் புறம்போக்கு நிலத்துக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவின்படி, வெளியேற்றும் முன் நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். ஏரி, குளங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ரயில்வே நிலம், கோயில் நிலம், மாநகராட்சி நிலம் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஆகவே உங்கள் நிலத்தின் புல எண்ணைத் (சர்வே எண்) தெரிந்துகொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்திலோ வருவாய்த் துறையின் இணையதளத்திலோ பதிவேட்டு நகலை எடுத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டத்தின்படி, சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் இருந்தால், அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. வாடகைக்கு இருப்பவரைக்கூட உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று அதன் 29-ஆம் பிரிவு சொல்கிறது. பட்டியலில் பார்க்கும்போது பகுதியின் இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். தலைவர்களின் பெயரில் இருக்கும் பல நகர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறு ஏதோ குப்பமாகவோ தோட்டமாகவோ இருந்தவை. அந்தப் பழைய பெயர் உங்கள் பகுதியின் மூத்த பாட்டிமார்களுக்குத்தான் தெரியும்.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், இடிப்பதற்கு 15 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்று சொன்ன தீர்ப்பை நம்பிப் பலர் தைரியமாக இருக்கிறார்கள். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்டவற்றுக்கும் அது பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆற்றங்கரைக் குடும்பங்கள் அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் எல்லாக் காகிதங்களும் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். பை சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கடையில் துணி வாங்கியபோது கிடைத்த பை, மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்ட ரேஷன் அட்டை, ஓரம் நனைந்து மை பரவிய பிறப்புச் சான்றிதழ், என்றோ கட்டிய மின் கட்டண ரசீது. ஒரு குடும்பம் அந்த இடத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதற்கு அரசு ஏற்கும் சாட்சி அந்தப் பைதான். தண்ணீர் வந்தாலோ தீப்பிடித்தாலோ முதலில் போவதும் அதுதான்.

ஆகவே இன்றே அதை இறக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்து செல்பேசியில் படமெடுத்து, வேறு பகுதியில் வாழும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். புதிய ஆதார் அட்டையைவிடப் பழைய காகிதத்துக்கு மதிப்பு அதிகம்: பழைய குடும்ப அட்டை, பழைய வாக்காளர் பட்டியலில் உங்கள் தெருப் பக்கம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, முகவரியுடன் கூடிய மருத்துவமனைச் சீட்டு, கேஸ் புத்தகம், வங்கிப் புத்தகம். காகிதமே இல்லாதவர்கள் பள்ளியிலும் மாநகராட்சியின் பிறப்புப் பதிவிலும் நகல் கேட்டு வாங்கலாம்.

காகிதத்தின் வலிமைக்கு உச்ச நீதிமன்ற வரலாற்றிலேயே சான்று உண்டு. மும்பை நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலை மாதம் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று அது சொன்னது. ஆனால் நடைபாதையில் தங்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. அதாவது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கையில் கொடுக்கப்பட்ட ஓர் அட்டை, பிறகு ஒரு குடும்பத்துக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானித்தது.

கணக்கெடுப்பின்போது

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா பூ விற்பவர். கணக்கெடுக்க வந்த நேரத்தில் அவர் பூ வாங்கக் கோயம்பேட்டுக்குப் போயிருந்தார். வீடு பூட்டியிருந்ததால் கதவில் எண் விழவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது, பட்டியல் மேலே போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். முப்பது ஆண்டு அந்தச் சந்தில் வாழ்ந்தவர், பட்டியலில் இல்லாததால் யாருமே இல்லாதவர் ஆனார். மனு மேல் மனுவாக எழுதி, பக்கத்து வீட்டாரின் கையெழுத்துடன் ஏழு மாதம் அலைந்த பிறகுதான் அவர் பெயர் சேர்ந்தது. இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

கணக்கெடுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. ஒரே கூரையின் கீழ் கல்யாணமான மகனோ மகளோ தனிச் சமையலோடு வாழ்ந்தால், அவர்களைத் தனிக் குடும்பமாக எழுதச் சொல்லுங்கள்; இதற்குத் தனிக் குடும்ப அட்டை பெரிதும் உதவும் என்பதால் அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஒரே வீடு என்று எழுதப்பட்டுவிட்டால், நாளை எட்டுப் பேர் ஓர் அறையும் சிறு கூடமும் உள்ள வீட்டில் படுக்க வேண்டியிருக்கும். வாடகைக்கு இருப்பவர்களும், கணவரைப் பிரிந்து வாழும் பெண்களும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லி எழுத வைக்க வேண்டும். வீட்டுக்காரர் சொல்வார் என்று விட்டுவிட்டால் விடுபட்டுப் போவது உறுதி.

கதவில் எழுதிய எண்ணை, குடும்பத்தார் பக்கத்தில் நிற்கப் படமெடுத்து வையுங்கள். அதே வாரத்தில் தெருவில் நான்கு பேர் சேர்ந்து உங்கள் சொந்தப் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள்: சந்து வாரியாகப் பெயர், ஆட்கள், எண், எத்தனை ஆண்டு வாசம். அரசுப் பட்டியலோடு ஒப்பிட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். விடுபட்டவர்களுக்காக உடனே மனு கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும்.

கேள்வி கேளுங்கள், நிபந்தனை வையுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேள்வி சுருக்கமாகவும் ஆவணம் சார்ந்ததாகவும் இருக்கட்டும். "எங்கள் பகுதியை அகற்ற முடிவெடுத்த அரசாணையின் நகல் தருக. கணக்கெடுப்புப் பட்டியலின் நகல் தருக. எங்களுக்கு ஒதுக்கப்படவுள்ள இடம், அங்குள்ள பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை ஆகியவற்றின் விவரம் தருக." இந்த மூன்றே போதும். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

குடியிருப்போர் கூட்டத்தில் என்ன கேட்பது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இருக்கும் இடத்திலேயோ அருகிலேயோ அடுக்குமாடி கட்டித் தருவதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். இந்த நகரில் அப்படிக் கட்டப்பட்ட திட்டப்பகுதிகள் பல உண்டு. அது கிடைக்காவிட்டால், ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்து, வீட்டை நேரில் பார்த்து, தண்ணீரும் மின்சாரமும் இருப்பதை உறுதி செய்த பிறகே இடிக்க வேண்டும். ஆண்டுத் தேர்வுக்கு முன்போ வடகிழக்குப் பருவமழையின்போதோ இடிக்கக் கூடாது. ஒரு தெருவில் வாழ்ந்தவர்களை ஒரே கட்டடத்தில் வைக்க வேண்டும். ஒதுக்கீடு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். மழைக்காலத்தைக் கேட்பது சலுகை அல்ல. ஓல்கா டெல்லிஸ் வழக்கிலேயே மழை முடிந்து ஒரு மாதம் ஆகும் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அப்புறப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் தனியாருக்குப் பணம் கொடுக்கும் முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தரச் சட்டம் வழி செய்கிறது. மனுதாரராகப் பெண்களே முன்னிற்க இதுவும் ஒரு காரணம். தொலைபேசி எண் 15100. தொகை கொடுத்தால் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று வருபவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

போன பிறகு

முதலில் பிள்ளைகளின் பள்ளி. புது இடத்துக்குப் போன பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரேஷன் அட்டை முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பழைய வேலையை விட்டுவிடும் முன் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அது தாமதமாக வந்தால் அதற்கும் சேர்த்து மனு போடுங்கள். காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்க வேண்டியவருக்கு, அரை மணி நேரத் தாமதம் என்றால் வேலையே போய்விடும்.

இடமாற்றத் தொகையும் மாதப் பிழைப்புப் படியும் அறிவிக்கப்பட்டிருந்தால், எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று வங்கிப் புத்தகத்தில் பதிய வைத்து, வராத மாதங்களைக் குறித்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு (முன்பு குடிசை மாற்று வாரியம்) எழுதுங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்குத் தரும் ரசீதை எறியாதீர்கள். பழைய வீட்டின் கதவும் எண்ணும் தெரியும் அந்தப் படத்தை ஒதுக்கீட்டு ஆணையோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு, பழைய மஞ்சள் பையிலேயே வையுங்கள். ஆணையில் பெயரோ எண்ணோ தவறாக அச்சாகியிருந்தால், திருத்தக் கேட்கும்போது முதலில் காட்டச் சொல்வது அதைத்தான்.