கழுநீரும் பச்சைத் தண்ணீரும் தரும் மின்சாரம்

திருகோணமலை வெயிலில் கிணற்றடித் தொட்டியைச் சில வாரம் கழுவாமல் விட்டால் தண்ணீர் பச்சை பிடித்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் அரிசி களைந்த கழுநீரையும் கொண்டு ஒரு நுண்ணுயிர் மின்கலம் செய்யலாம்.

நுண்ணுயிர்களிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1911இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் பொட்டர் காட்டினார். கழுநீரின் மாப்பொருளைச் சில பற்றீரியாக்கள் உடைக்கின்றன. உடைந்ததை உண்ணும் ஜியோபக்டர் போன்ற பற்றீரியாக்கள், ஒட்சிசன் இல்லாத இடத்தில், இலத்திரன்களைக் காபன் கோலிடம் கொடுக்கின்றன. அந்த இலத்திரன்கள் வயர் வழியாக மறு போத்தலுக்குப் போகின்றன. அங்கே பாசி வெளிச்சத்தில் விடும் ஒட்சிசன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

முதலில் உப்புப் பாலம், அதாவது இரு போத்தல் நீரும் கலக்காமல் மின்சுற்றை முழுமையாக்கும் குழாய். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 3 கிராம் கடற்பாசித் தூளும் (நோன்புக் காலத்தில் வட்டிலப்பத்தோடு மேசைக்கு வருமே, அதே கடற்பாசிதான்) 6 கிராம் உப்பும் இட்டுக் காய்ச்சுங்கள். விரல் நீளப் பிவிசி குழாயின் ஒரு முனையை அடைத்து ஊற்றி, இறுகியதும் அடைப்பை எடுங்கள். குழாய் நீண்டால் மின்னோட்டம் குறையும்.

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் பக்கத்தில் துளையிட்டு இக்குழாயால் இணைத்து, எப்பொக்சி பசையால் ஒழுகாமல் அடையுங்கள்.

முதல் போத்தலில் வயலின் கறுப்புச் சேறு ஒரு பிடி போட்டு, கழுத்துவரை கழுநீர் ஊற்றுங்கள். தம்பலகாமம் பக்கம் உறவினர் இருந்தால் சேறு கேட்டு வாங்கலாம். கையுறை அவசியம், மலசலகூடக் கழிவைத் தொடவே வேண்டாம். மூடியில் மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைக் கிண்ணத் தண்ணீருக்குள் வையுங்கள். வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. போத்தலைக் கறுப்புத் தாளால் சுற்றுங்கள்.

இரண்டாவதில் பச்சைத் தண்ணீர். வாய் திறந்தே இருக்கட்டும். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் வேண்டாம். குழாய்நீரில் குளோரின் இருக்கும், சேர்க்காதீர்கள்.

இரண்டிலும் காபன் கோல்களை இறக்குங்கள். வயர் இணைப்பு தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். என் முதல் முயற்சியில் செம்பு முனை நனைந்துவிட்டது. பல்மானியில் (மல்ரிமீற்றர்) எண் ஏறியதும் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் வயரை இழுத்துப் பார்த்தால் முனையில் பச்சைக் களிம்பு. நான் அளந்தது செம்பு அரிபட்ட மின்சாரத்தை.

இரு கோல்களுக்கும் இடையில் 1000 ஓம் தடையியை இணைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தத்தைப் பல்மானியால் அளவிடுங்கள். 100 மில்லிவோல்ற் காட்டினால் ஓடுவது 0.1 மில்லிஅம்பியர். ஒரு போத்தலால் எல்ஈடி எரியாது. பற்றீரியாக்கள் கோலில் படிய ஓரிரு வாரம் ஆகும். எண் தளர்ந்தால் புதிய கழுநீர் ஊற்றுங்கள்.

எண் நிலைத்ததும் காலையிலும் இரவிலும் குறித்து வையுங்கள். பிறகு ஒரு பகல் முழுவதும் பாசிப் போத்தலைத் தடித்த துணியால் மூடுங்கள். பகலிலேயே எண் இரவைப் போல இறங்கினால், ஒட்சிசன் தந்தது பாசிதான்.