‘கனமழை’ என்று செய்தி வந்தால் சம்பா வயலில் என்ன செய்வது

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் மழைச் செய்தி ஓடும்போது எழும் முதல் கேள்வி, மேலுரம் (வளரும் பயிருக்கு இடும் உரம்) போடலாமா, நிறுத்தலாமா என்பதுதான். செய்தியின் சொற்களிலேயே பாதி பதில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது கனமழை. 204.4 வரை மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி உள்ள இடங்களில் கால் பங்குக்குள் என்று பொருள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஓரிரு இடங்களில் கனமழை என்றால் உங்கள் ஊர் தப்பவும் கூடும். பெரும்பாலான இடங்களில் மிதமான மழை என்றால் அநேகமாக உங்கள் வயலிலும் பெய்யும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நிறங்களை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மாவட்டக் கணக்கு உங்கள் வயலின் கணக்கு ஆகாது. மழைமானியை நீங்களே செய்துகொள்ளலாம். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் தோள்பட்டைக்குக் கீழே அறுத்து, மேல் துண்டைப் புனல்போலக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறியுங்கள். அதற்கு மேல் ஸ்கேலில் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் மழை. மரத்தடியில் வைக்காதீர்கள். காலை 8.30 மணிக்கு அளந்து, மறுபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். வானிலை மையத்தின் நாள்கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது.

ஏக்கருக்கு 1 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர். 70 மில்லிமீட்டர் பெய்தால் 2.8 லட்சம் லிட்டர் வெளியேற வழி வேண்டும். அதனால் செய்தி வந்த அன்றே வாய்மடையை (வயலுக்குள் தண்ணீர் வரும் வழியை) அடைத்து, நிற்கும் தண்ணீரை வடித்து, சேறு மறையும் அளவுக்கு மட்டும் விடுங்கள். வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் கடைக்கோடியிலிருந்து மேல்நோக்கி அகற்ற வேண்டும். உங்கள் வயலோரத்தை மட்டும் சுத்தம் செய்தால் தண்ணீர் கீழே உள்ள அடைப்பில் முட்டி எதிர்த்து ஏறும். இது ஒருவர் வேலையல்ல, அந்தக் கண்ணாற்றில் (ஒரே வாய்க்கால் பாசனத்தில்) இருக்கும் எல்லாருடைய வேலை.

அடுத்த இரண்டு மூன்று நாளில் கனமழை என்றால் யூரியா வேண்டாம்; போட்டது வடிகாலோடு போகும். மருந்து தெளிப்பதானால் பின்னால் மூன்று நான்கு மணி நேரமாவது மழையில்லாமல் இருக்க வேண்டும்.

பயிர் மூழ்கிவிட்டால் அவசரம் வடிப்பதில்தான், உரத்தில் அல்ல. நுனி தெரிந்ததும் ஒரேயடியாகக் காயவிடாமல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்துங்கள். நாள்கணக்கில் நீருக்குள் கிடந்த இலை சுள்ளென்ற வெயிலில் துவண்டுவிடும். உடனே வயலில் இறங்கி மிதிக்கவும் வேண்டாம். புது இலை வர ஐந்தாறு நாள் பொறுத்து, இளம்பயிர் வெளுத்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். தூர்கட்டும் (பக்கக் கிளைகள் விடும்) பயிர் தேறியதும் 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். பச்சை பிடிக்கட்டும் என்று யூரியாவைக் கூட்டினால் புகையான் பூச்சிக்கும் இலைக்கருகல் நோய்க்கும் விருந்து வைத்ததுபோல ஆகும்.

தாழ்வான, ஆண்டுதோறும் மூழ்கும் வயலென்றால் சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகமே தோது. வெள்ளம் வடிந்ததும் அது மறுபடி துளிர்க்கும்.

கதிர் முற்றிய பயிர் சாய்ந்தால் நாலைந்து குத்துகளைச் சேர்த்துத் தூக்கிக் கட்டுங்கள். தண்ணீரில் படிந்த கதிர் முளைத்துவிடும். மணிகளில் 80 சதவீதத்துக்கு மேல் பழுத்திருந்தால், மழைக்கு முன் இயந்திரம் இறங்கக்கூடிய ஈரத்தில் வயல் இருந்தால், அறுத்துவிடுவதே மேல். அறுத்த நெல்லை ஈரத்தோடு குவிக்காமல், காற்றுப்படப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு.