பழைய கோயிலை முதுகில் லைடார் சுமந்து அளக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துக் கரும்புத்தோட்டக் காலத்துக் கோயில்களில் பலவற்றுக்கு முறையான வரைபடம் கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளம் போல இன்னொன்று வருமுன் அவற்றை முப்பரிமாணத்தில் பதிந்துவைப்பது அவசர வேலை. லேசர் கதிரை வீசித் தூரத்தை அளந்து, சுற்றுப்புறத்தைப் புள்ளிகளாகப் பதியும் கருவிதான் லைடார். அதை முதுகில் சுமந்து நடந்தே கோயிலை அளக்கலாம். முக்காலியில் நிறுத்தும் ஸ்கேனர் இதைவிடத் துல்லியமானதுதான். ஆனால் தூண்கள் மறைக்கும் மண்டபத்தில் அதை இடம் மாற்றி மாற்றி வைத்தே நாள் போய்விடும். இரண்டு மூன்று செ.மீ. பிழை பரவாயில்லை என்றால் முதுகுக் கருவி போதும். தரைப்படம், குறுக்குவெட்டு, கூரைச் சரிவு எல்லாம் கிடைக்கும். சுதைச் சிற்பத்தின் முகம் மட்டும் தெளியாது. அதைப் புகைப்படங்களிலிருந்து தனியே எடுங்கள்.

வேண்டியவை: லிவாக்ஸ் மிட்-360 லைடார் (265 கிராம், நொடிக்கு 2 லட்சம் புள்ளி, அசைவையும் சாய்வையும் உணரும் ஐஎம்யூ உள்ளேயே உண்டு), மினி பிசி, 14.8 வோல்ட் 5 ஆம்பியர்-மணி பேட்டரி, சட்டம் வைத்த முதுகுப்பை, அலுமினியக் குழாய். லைடார் 6.5 வாட், கணினி 25 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். மின்வெட்டு நாளென்றால் முந்தைய இரவே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். நடந்த பாதையைக் கணித்துப் புள்ளிகளை ஒன்றாகக் கோக்கும் மென்பொருளுக்கு இலவசமான ஃபாஸ்ட்-லியோ2 போதும்.

லைடாரைப் பொருத்தும் கோணத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்தக் கருவி கிடைமட்டத்துக்குக் கீழே 7 பாகையும் மேலே 52 பாகையும் பார்க்கும். 2 மீட்டர் உயரத்தில் நேராக வைத்தால், 16 மீட்டர் தள்ளித்தான் தரை தெரியத் தொடங்கும். சிறிய மண்டபத்தில் தரையே பதியாது. அதனால் 25 பாகை முன்னால் சாயுங்கள். மூன்றேகால் மீட்டரிலேயே தரை கிடைக்கும். ஆனால் முன்பக்கம் மேல்நோக்கு 27 பாகையாகச் சுருங்கி, பின்பக்கம் 77 ஆக உயரும். 15 மீட்டர் கோபுரத்தின் உச்சியை எதிரே பார்த்தபடி பிடிக்க 25 மீட்டர் விலக வேண்டும். முதுகைக் காட்டி நின்றால் மூன்று மீட்டரே போதும். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி ஒரு சுற்று நடப்பது இதற்காகத்தான். தலை மறைக்காதபடி கருவி உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும்.

பூஜை முடிந்து கூட்டம் கலைந்தபின் நடை சாத்துமுன் நேரம் கேளுங்கள். காவடி நாட்களை விட்டுவிடுங்கள், பந்தலே சுவராகப் பதியும். கர்ப்பக்கிரகத்துக்குள் அர்ச்சகர் அனுமதித்தால் மட்டுமே. கற்பூரப் புகை அடங்கட்டும். அதுவும் புள்ளியாக விழும்.

தொடங்கும்போது 15 நொடி அசையாமல் நில்லுங்கள். ஈர்ப்பு எந்தத் திசை என்று ஐஎம்யூ அப்போதுதான் தெரிந்துகொள்ளும். பிறகு நிதானமாக நடங்கள், சட்டென்று திரும்பாதீர்கள். வாசலைக் கடக்கும்போது நிலைப்படியில் நின்று, உள்ளும் புறமும் ஒருசேரத் தெரியும்படி பக்கவாட்டில் நுழையுங்கள். பாய்ந்து நுழைந்தால் உள்ளறை வெளியிலிருந்து கழன்று கோணலாக ஒட்டும். வெறும் நீளச் சுவர் கொண்ட பிராகாரத்தில் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைக் கருவி தவறவிடும். கொடிமரம், தூண், பலிபீடம் பார்வையில் இருக்கும்படி போங்கள். ஃபாஸ்ட்-லியோ2 தானாக வட்டத்தை மூடாது (தொடங்கிய இடத்துக்குத் திரும்பியதை உணர்ந்து பிழையைத் திருத்தாது), பிழை சேர்ந்துகொண்டே போகும். எனவே ஒவ்வொரு சுற்றையும் தொடங்கிய இடத்திலேயே முடித்து, வட்டம் மூடும் மென்பொருளைப் பிற்பாடு ஓட்டுங்கள்.

மெருகேற்றிய டைல்ஸும் எவர்சில்வர் கதவும் தரைக்கடியிலும் சுவருக்கப்பாலும் போலிப் புள்ளிகளைக் காட்டும். அவற்றை வெட்டி நீக்குங்கள். எண்ணெய் பூசிய கருங்கல் மூர்த்தி சரியாகப் பதியாது.

புள்ளிகளைப் பார்த்து வெட்டும் மென்பொருளான கிளவுட்கம்பேரில் சுவருக்குக் குறுக்கே 5 செ.மீ. தடிமனில் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். ஒரே முகம் இரண்டு கோடாகத் தெரிந்தால் பிழை சேர்ந்திருக்கிறது, அந்தச் சுற்றை மறுபடி நடக்கத்தான் வேண்டும். நாடாவால் மூன்று நீளங்களை அளந்தும் ஒப்பிடுங்கள்.

நில ஆயத்தொலைவில் வைக்க, ஒரே கோட்டில் அமையாத நான்கு குறியட்டைகளாவது தேவை. தென்னாப்பிரிக்காவின் நிரந்தர நிலையத் தொடரான டிரிக்நெட்டின் தரவைக் கொண்டு, ஜிஎன்எஸ்எஸ்ஸில் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் முறை) அவற்றை அளக்கலாம். 31ஆம் தீர்க்கரேகையை நடுக்கோடாகக் கொண்ட அந்நாட்டு லோ 31 ஆயத்தொலைவு முறையில் ஒய் மேற்காகவும் எக்ஸ் தெற்காகவும் கூடும். அந்தத் தீர்க்கரேகை டர்பன் பகுதி வழியாகவே செல்வதால், அதற்கு மேற்கேயுள்ள சாட்ஸ்வர்த்தில் ஒய் கூட்டல் குறியிலும் கிழக்கேயுள்ள மவுண்ட் எட்ஜ்கோம்பில் கழித்தல் குறியிலும் வரும். கிழக்கு என்பது ஒய்யின் எதிர்க்குறி, வடக்கு என்பது எக்ஸின் எதிர்க்குறி. இதைக் கவனிக்காமல் எக்ஸைக் கிழக்கென்று கொடுத்தால் புள்ளிகள் இடவலம் மாறும். அப்போது நான்கு அட்டையும் ஒரே உயரத்தில் இருந்துவிட்டால் மென்பொருள் பிழையே காட்டாமல் கோயிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்திவிடும். ஓர் அட்டையையாவது இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்தால் அந்தக் குளறுபடி பிழை எண்ணிலேயே தெரிந்துவிடும்.